மொய் நோட்டும் பழைய டோப்போஷீட்டும்: நாகமலையைக் கடந்த ஒரு பாதை

போன பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போதுதான் தாத்தாவின் தகரப் பெட்டியை வெளியே எடுக்க அப்பத்தா சம்மதித்தார். உள்ளே ஒரு பித்தளை வில்லை, துருப்பிடித்த டார்ச் லைட், நாலு மொய் நோட்டு, அப்புறம் துணி ஒட்டி மடித்த இரண்டு வரைபடங்கள். தாத்தா வைகைப் பாசனத்தில் லஸ்கராக இருந்தவர். மடை திறப்பது, ஷட்டர் இறக்குவது, மழைக்காலத்தில் இரவெல்லாம் கரை நடந்து பார்ப்பது, இதுதான் அவர் வேலை. அலுவலகத்தில் கழித்துப் போட்ட படங்களைக் கேட்டு வாங்கி வந்திருப்பார் என்றார் அப்பா. அன்று ஆரம்பித்த வேலை எட்டு மாதம் இழுத்தது. என்ன செய்தேன், எங்கே தப்பு செய்தேன், அந்தத் தாள்கள் மதுரைக்கு மேற்கே உள்ள எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றி என்ன சொல்லின என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இரண்டும் சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு அங்குலப் படங்கள். தரையில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம். பள்ளிப் புத்தகத்தில் தலப்படம் என்று வரும். என்னைப் போல சிவில் டிராயிங் போடுகிறவர்கள் டோப்போஷீட் என்போம். ஒன்றின் தலையில் 58 எஃப்/16, இன்னொன்றில் 58 ஜி/13. இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. 58 என்பது வடக்கு 8 முதல் 12 டிகிரி, கிழக்கு 76 முதல் 80 டிகிரி வரை உள்ள பெரிய கட்டம். அதைப் பதினாறாக வெட்டி எழுத்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாக வெட்டி எண் கொடுக்கிறார்கள். மிஞ்சுவது கால் டிகிரிக்குக் கால் டிகிரி. மதுரை நகரம் 58 கே/1.

இதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 10 டிகிரி அட்சக்கோடும் 78 டிகிரி தீர்க்கக்கோடும் சோழவந்தானுக்குத் தென்கிழக்கே, திருவேடகம் பக்கம் வெட்டிக்கொள்கின்றன. அதனால் வடக்கே சிறுமலைக்கும் தெற்கே நாகமலைக்கும் நடுவில் வைகை ஓடுகிற இந்தப் பள்ளத்தாக்கு நாலு தாள்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. எங்கள் ஊர்க் கண்மாயின் கரை ஒரு தாளில் இருக்கிறது. அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் மலைச்சரிவு இன்னொரு தாளில். தாத்தா ஏன் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார் என்பது அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

முதலில் தாளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மடிப்புகளில் தாள் விண்டுபோய், துணியும் நாலு இடத்தில் இற்றிருந்தது. எப்போதோ யாரோ முன்பக்கமே செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். அதன் பசை பழுத்து, தேன் நிறத்தில் தாளுக்குள் இறங்கியிருந்தது. முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் பிடித்து, டேப்பை மேல்நோக்கி இழுக்காமல் தாளோடு தாளாகக் கிடையாக மடித்து உரித்தேன். ஒரு அடி நீளத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டால் அச்சும் சேர்ந்து வந்துவிடும். மிச்சப் பசையை நல்ல அழிரப்பரால் உருட்டி எடுத்தேன். கறை போகவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். ரசாயனம் எதையும் தொடத் துணியவில்லை.

ஒட்டுவதற்கு மைதாப் பசைதான். ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் கிண்டிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, ஆறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டினேன். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். கணக்கு நோட்டுக்கு அது சரி. நூறு வருடத் தாளுக்கு வேண்டாம். துத்தத்தில் உள்ள செம்பு நாளடைவில் தாளை நொறுங்கச் செய்யும். அதனால் அன்றன்றைக்குப் பசை காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டினேன். கிழிசலுக்குப் பின்னால் ஜப்பானிய மெல்லிய தாளைப் பட்டைகளாக ஒட்டினேன். அந்தப் பட்டையைக் கத்தரியால் வெட்டக் கூடாது. தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தில் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் நாராக நிற்கும். அந்த நார்தான் பிடிப்பு. மேலும் கீழும் மசி ஒற்றும் தாள் வைத்து, நாளிதழில் சுற்றிய செங்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விட்டேன்.

இந்த இடத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. படத்தின் மேல் தாத்தா பென்சிலால் அங்கங்கே சிறு பெருக்கல் குறிகள் போட்டிருந்தார். சாதாரணப் பென்சில் என்று நினைத்தேன். அது ஈரம் பட்டால் ஊதாவாக ஊறும் பழைய காப்பிங் பென்சில். பசையின் ஈரம் துணி வழியாக ஏறி, ஒரு குறி கட்டைவிரல் அளவுக்குப் பரவிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையெழுத்தோ பென்சில் குறியோ உள்ள பழைய தாளைத் தொடுகிறவர்கள், குறியின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஈரம் வைத்துச் சோதித்துவிட்டு மேலே போங்கள். மற்ற குறிகளை ஈரம் காட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

சரி, இது எந்தக் காலத்துப் படம்? அச்சிட்ட ஆண்டு இருக்க வேண்டிய கீழோரம் இரண்டிலும் கிழிந்து போயிருந்தது. படத்துக்கு உள்ளேயே தேடினேன். வடதாளில், வைகையில் உள்ள பேரணையில் பிரிந்து வாடிப்பட்டிப் பக்கமாகப் போகும் பெரியாறு பிரதானக் கால்வாய் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது 1895-ல். ஆகவே அதற்குப் பிந்தியது. வண்ணத்தில் இப்படி எழுத்தும் எண்ணும் போட்ட தாள் வரிசை 1905-ல் நடந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்தது. தென்தாளில் உசிலம்பட்டி இருக்கிறது, ஆனால் ரயில் இல்லை. மதுரை–போடி பாதை 1928-ல் வந்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இரும்புக்காக அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். மறுபடி போட்டது ஐம்பதுகளில். ரயில் இல்லாத படம் 1928-க்கு முந்தியதாகவும் இருக்கலாம், நாற்பதுகளின் படமாகவும் இருக்கலாம். ஆனால் தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் மண்மேடும் பாலக்கட்டையும் தரையில் நிற்கும். படம் போடுகிறவர் அவற்றை விடமாட்டார். இந்தத் தாளில் மேட்டின் சுவடே இல்லை. ஆக, 1905-க்கும் 1928-க்கும் இடையில் அளந்தது என்று வைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தின் பரப்பு மட்டுமே ஏறக்குறைய 43 சென்டிமீட்டருக்கு 44 சென்டிமீட்டர். உருளைக்குள் இழுக்கும் பெரிய ஸ்கேனரில் மடிப்புள்ள தாளை விட்டால் மடிப்பிலேயே பிய்ந்துவிடும். ஏ3 சமதள ஸ்கேனரில் நாலு துண்டாக எடுத்து இணைத்தேன். கட்டாயம் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நாலு விரற்கடை மேற்படிய வேண்டும்.

அடுத்து, ஸ்கேனைப் பூமியில் உட்காரவைப்பது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. தாளில் ஐந்து ஐந்து நிமிடத்துக்கு அட்ச, தீர்க்கக் கோடுகள் வெட்டும். நாலுக்கு நாலு பதினாறு வெட்டுப்புள்ளிகள். அவற்றைச் சொடுக்கி எண்களைக் கொடுத்தேன். படம் உட்கார்ந்தது, ஆனால் எங்கள் கண்மாய்க்கரை செயற்கைக்கோள் படத்தில் உள்ள கரையிலிருந்து கிட்டத்தட்ட 200 மீட்டர் தள்ளி நின்றது. இரண்டு நாள் என் சொடுக்கையே சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. அந்தக் காலப் படங்கள் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவம் இது என்று கணக்குக்காக வைத்துக்கொண்ட ஓர் உருவத்தை, அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறொரு நீள்கோளத்தில் கணக்கிடுகிறது. ஒரே எண் இரண்டிலும் வேறு வேறு இடம். மென்பொருளில் கலியான்பூர் என்று தொடங்கும் பழைய இந்திய அடிப்படையைத் தேர்ந்தெடுத்து, பிறகு இன்றைய முறைக்கு மாற்றியதும் கரை கரையின் மேல் வந்து விழுந்தது. 40 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் மிஞ்சியது. தாளில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

சரிபார்க்க நான் எடுத்துக்கொண்டவை கண்மாய்க்கரைகளின் வளைவுகள். சாலை நகரும், ஊர் பரவும், ஓடை திரும்பும். கரையின் முழங்கை மட்டும் நூறு வருடம் ஆனாலும் அங்கேயே இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: யூடிஎம் என்ற மீட்டர் அளவு முறையில் 78 டிகிரிக் கோடுதான் 43, 44 மண்டலங்களின் எல்லை. சோழவந்தான் ஒரு மண்டலம், மதுரை இன்னொரு மண்டலம். இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பாதி வேலையை 43-லும் பாதியை 44-லும் போட்டு, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதைச் சரிசெய்வதில் விட்டேன்.

இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்துத் திரையில் பார்த்த அன்றைக்குத்தான் பள்ளத்தாக்கை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பிறந்து வளர்ந்த இடம்தான். ஆனாலும் பார்த்ததில்லை.

முதலில் கண்ணில் பட்டது கால்வாய்களும் சம உயரக் கோடுகளும் ஒட்டிப்போகிற விதம். பெரியாறு கால்வாய் சிறுமலை அடிவாரத்தை ஒட்டி வளைந்து வளைந்து, உயரத்தை விட்டுக்கொடுக்காமல் போகிறது. அதற்குக் கீழே ஆறு வரை மஞ்சள் பூசிய வயல். ஊர்கள் பெரிது, நெருக்கம், பேரும் மங்கலம், நல்லூர் என்று வருகிறது. கால்வாய்க்கு மேலே ஊர்கள் சிறிது, பட்டி என்று முடிகிறது, ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் ஒரு குட்டிக் கண்மாய். தெற்கே எங்கள் பக்கத்திலும் அதே கதைதான். ஆற்றுத் தண்ணீர் எட்டும் மட்டத்துக்குக் கீழே நஞ்சை. அதற்கு மேல் மானாவாரியும் கிணற்றுத் தோட்டமும். ஏந்தல் என்று முடியும் இரண்டு ஊர்ப் பெயர்களைப் பார்த்தேன். ஏந்தல் என்றாலே சின்னக் கண்மாய்தான். அதில் ஒன்றின் கண்மாய் இன்று வீட்டுமனை. பேர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்கிறது.

எங்கள் ஊரோடு சேர்த்து மூன்று கண்மாய்கள் ஒரு சரடு. நாகமலையிலிருந்து இறங்கும் ஓடை மேல்கண்மாயில் விழுகிறது. அது நிறைந்தால் கலுங்கு (உபரி நீர் வழியும் வாய்) வழியாக மறுகால் போய் நடுக்கண்மாய், அது நிறைந்தால் கடைசிக் கண்மாய், அதற்கப்புறம் வைகை. பழைய தாளில் மேல்கண்மாய்க் கலுங்கிலிருந்து ஒரு நீலக்கோடு மேற்கே ஒரு வளைவு வளைந்து நடுக்கண்மாய்க்குப் போகிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அந்த வளைவு இல்லை. மழை பெய்தால் மேல்கண்மாய் மறுகால் நேராகச் சாலையில் ஏறி, பள்ளிக்கூட வாசலில் தேங்கும். நடுக்கண்மாய் பாதிகூட நிறையாது. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த துன்பம். ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் பெருக்கல் குறிகளில் ஒன்று, நான் கெடுத்துவிட்ட அந்த ஊதாக் குறி, சரியாக அந்த வளைவு தொடங்கும் இடத்தில் இருந்தது.

போனில் படத்தை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சீமைக்கருவேல முள்ளுக்குள் ஆளுயரப் பள்ளம் ஒன்று நூறடி தூரம் இருக்கிறது; அதற்குமேல் மேவிவிட்டது. கிராம வரைபடத்தில் அந்த இடம் இன்றும் ஓடைப் புறம்போக்கு. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டோப்போஷீட்டை வைத்துக்கொண்டு யாரும் எல்லைத் தகராறுக்குப் போகக் கூடாது. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். பேனாவின் தடிமனே ஒரு வீட்டு மனை. ஓடை எப்படிப் போனது என்று தாள் சொல்லும். யார் நிலத்தில் எத்தனை அடி என்பதை, ஒவ்வொரு நிலத்தையும் தனியாக அளந்து வரைந்த புலப்படம்தான் சொல்ல வேண்டும்.

என்னை அதிகம் பிடித்துவைத்தது மலையின் மேல் இருந்த ஒரு சிவப்புத் துண்டுக்கோடு. இந்தப் படங்களில் வண்டித்தடம், பொதிமாட்டுத்தடம், ஒற்றையடிப் பாதை என்று தனித்தனிக் குறி உண்டு. எங்கள் மேல்கண்மாய்க்கரையில் புறப்படும் ஒற்றையடிப் பாதை ஒன்று நாகமலையின் முதுகில் ஒரு தாழ்வான இடத்தில் ஏறித் தெற்கே இறங்கி, செக்கானூரணிப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. தாழ்வான இடம் என்பதைச் சம உயரக் கோடுகள் காட்டின. பழைய தாளில் 50 அடிக்கு ஒரு கோடு. இன்றைய 1:50,000 தாளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிப் பார்த்தேன். அதில் 20 மீட்டருக்கு ஒரு கோடு, அதாவது 65 அடிக்கு மேல். அந்த இடைவெளிக்குள் எங்கள் தாழ்வு மறைந்துவிட்டது. பாதையும் இல்லை. புதுத் தாளில் அது வெறும் காப்புக்காடு.

அப்பத்தாவிடம் திரையைக் காட்டினேன். படம் அவருக்குப் பிடிபடவில்லை. கண்மாய், கோயில், மலை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே அந்தக் கோட்டில் ஏறினேன். மேலே போனதும் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இது கணவாப் பாதையில்லப்பா? இதுல தான நான் வாக்கப்பட்டு வந்தேன். காலையில பொறப்பட்டு, மலைமேல கருப்புக்குக் கும்பிடு போட்டுட்டு, இங்க வந்து மத்தியானம் பந்தி. எங்கய்யா சீரு பூராம் தலச்சுமையா வந்துச்சு."

அப்பத்தா பிறந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். காரில் போனால் கிழக்கே கணவாய்ச் சாலையைச் சுற்றிக்கொண்டு 18 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் ஏன் பெண் எடுத்தார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கோட்டை அளந்து பார்த்தேன். நாலரைக் கிலோமீட்டர்.

அப்போதுதான் பெட்டியில் இருந்த மொய் நோட்டுகள் ஞாபகம் வந்தன. எங்கள் பக்கத்தில் மொய் எழுதும்போது முதலில் ஊர், பிறகு ஆள், பிறகு தொகை. வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் அதில் ஒரு எழுத்துப் பிசகாது. தலைமுறை தாண்டியும் பத்திரமாக இருக்கும். பெரிய அத்தை கல்யாணத்து நோட்டு 1967. கடைசி நோட்டு என் அண்ணன் காதுகுத்து, 1996. இரண்டிலும் உள்ள ஊர்களை எல்லாம் படத்தில் புள்ளியாக வைத்தேன். ஆள் பேரை எடுக்கவில்லை; ஊரும் எத்தனை மொய் என்பதும் மட்டும். ஊர்ப் பேர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரே பேரில் மூன்று பட்டி இருக்கும். அப்பாவும் அப்பத்தாவும் உட்கார்ந்து, "இது மேற்கத்திப் பட்டி, இது ஆத்துப்பக்கத்துப் பட்டி" என்று பிரித்துக் கொடுத்தார்கள். நாலு சாயங்காலம் ஆனது. அந்த நாலு சாயங்காலத்தில் நான் தெரிந்துகொண்ட குடும்பக் கதைகளை எழுத இது இடமில்லை.

1967 நோட்டின் புள்ளிகள் இரண்டு கொத்தாக விழுந்தன. ஒன்று எங்கள் கண்மாய்ச் சரடு வழியாகக் கீழே. அவர்கள் பெரும்பாலும் பங்காளிகள்; ஒரே சாமி கும்பிடுகிறவர்கள், ஒரே மறுகால் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்கள். மற்றக் கொத்து மலைக்கு அந்தப் பக்கம், துண்டுக்கோடு இறங்கும் வாயிலிருந்து விசிறி மாதிரி விரிகிறது. அவர்கள் மாமன் மச்சான். தாய்மாமன் சீர் எல்லாம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற, மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத ஆற்றங்கரை நஞ்சை ஊர்களிலிருந்து மொய் ஏறக்குறைய இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் எங்கள் ஆட்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கூலி நெல் வந்திருக்கிறது. பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. படத்தில் மஞ்சள் தொடங்கும் விளிம்பில் எங்கள் உறவு நின்றுவிடுகிறது. இதற்குச் சாதி ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சாதி எந்த மட்டத்தில் குடியேறியது என்பதிலேயே தண்ணீர் இருக்கிறது.

1996 நோட்டு வேறு உலகம். புள்ளிகள் தேனி ரோட்டை ஒட்டி நீள்கின்றன, செல்லூர், ஆரப்பாளையம், வில்லாபுரம் என்று மதுரைக்குள் குவிகின்றன, திருப்பூர்கூட வருகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் தேய்ந்துவிட்டன. உறவு முறிந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். "முறியலப்பா. போக்குவரத்து விட்டுப்போச்சு" என்றார்.

நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். காப்புக்காடு என்பதால் வனத்துறை ஆட்களிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கினோம். மாசி மாதம், புல் காய்ந்து தரை தெரியும் சமயம். பங்காளி அண்ணன் ஒருவரும், ஐம்பது வருடமாக அந்த அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் மாமா ஒருவரும் கூட வந்தார்கள். போனில் க்யூஃபீல்டு என்ற செயலியில் பழைய தாளை ஏற்றி, நடக்கும் தடத்தைப் பதியவிட்டேன்.

கரையிலிருந்து அரை மைல் போனதும் முள்ளுக்குள் ஒரு சுமைதாங்கி. நட்ட இரண்டு கல், மேலே கிடை ஒரு கல், தலைச்சுமையைக் குனியாமல் இறக்கிவைக்கும் உயரம். எழுத்து தேய்ந்துவிட்டது. பிள்ளைத்தாச்சியாக இறந்த பெண் பேரில் நட்டது என்று மாமா சொன்னார். சுமைதாங்கி பெரும்பாலும் அப்படி நட்டதுதான். அந்த இடம் தாளில் ஒன்றுமில்லாத வெள்ளை. ஆனால் சுமைதாங்கி இருந்தால் ஆள்நடமாட்டம் உள்ள வழி என்று அர்த்தம். துண்டுக்கோடு அதை ஒட்டியேதான் போனது.

ஏற்றத்தில் பாறையில் கால் வைக்க வெட்டிய குழிப்படிகள் இருந்தன. நடுப்படிகளில் பள்ளம் விழுந்திருந்தது. மேலே தாழ்வில் ஒரு உசில மரம், அடியில் கருப்புக்கு நட்ட துருப்பிடித்த வேல், உடைந்த மணி. அங்கே நின்றால் வடக்கே வைகைப் பச்சை, தெற்கே கண்மாய் கண்மாயாகச் செம்மண் காடு. இரண்டும் ஒரே பார்வைக்குள் விழும் இடம் அது. உயரத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்தேன். தாளில் கோடுகள் சொன்னதற்குள் இருந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் முக்காலிமேல் மேசை வைத்து, தாள் விரித்து, தொலைவில் கொடி பிடித்து நிற்கும் ஆளைக் குறிபார்த்து இந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறார். அந்த மேசையைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களும், கொடி பிடித்து வெயிலில் நின்றவர்களும் எங்கள் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பேர் எந்தத் தாளிலும் இல்லை.

இறக்கம் கடினம். தெற்குச் சரிவு முழுக்க முள். ஒரு இடத்தில் எங்கள் தடத்துக்கும் தாளுக்கும் 150 மீட்டர் வித்தியாசம் வந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "அது மாட்டு வழி, இது மனுச வழி" என்றார். இரண்டு வழி இருந்திருக்கிறது. படம் ஒன்றைத்தான் காட்டுகிறது. மொத்தம் இரண்டேகால் மணி நேரத்தில் அப்பத்தா பிறந்த ஊர்க் கண்மாயில் இறங்கிவிட்டோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியவில்லை. அப்பத்தாவின் அய்யா பேரைச் சொன்னதும் ஒரு பெரியவர் எழுந்து வந்து, "மேலூட்டுப் பேரனா? மலை தாண்டியா வந்தீக?" என்று கேட்டு, சாப்பிடாமல் விடவில்லை.

தாள் காட்டாததையும் எழுத வேண்டும். எங்கள் கண்மாய்க்குக் கிழக்கே ஒரு சிறு சிவப்புக் கட்டம் தனியாக நிற்கிறது. வீடுகள் உண்டு, பேர் இல்லை. ஊர்ப் பேர் பெரிய கட்டத்துக்கு மட்டும்தான். அந்தப் பேரில்லாத கட்டத்தில் இருந்தவர்கள்தான் தலைமுறைகளாக எங்கள் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்கள். எந்த மடை எத்தனை நாழிகை என்று அறிந்தவர்கள். அங்கே போய்ப் படத்தைக் காட்டி, உங்கள் குடியிருப்புக்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். காணாமல் போன மறுகால் ஓடை எந்தப் பனையடியில் திரும்பியது என்பதும் அங்கே ஒரு அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. மென்பொருளில் அந்தப் பேரை ஊர்ப் பேருக்குச் சமமான எழுத்து அளவில் பதித்திருக்கிறேன். சுமைதாங்கி, குழிப்படி, மலைமேல் கருப்பு, மாட்டு வழி, மனுச வழி, எல்லாம் தனி அடுக்காகச் சேர்ந்திருக்கின்றன.

இப்போது நிலைமை இது. மறுகால் ஓடையின் பழைய போக்கை இன்றைய படத்தின் மேல் வரைந்து பெரிய தாளில் அச்செடுத்து, ஊர்க் கூட்டத்தில் கொடுத்தேன். புலப்படத்தோடு ஒப்பிட்டு அளக்க மனு எழுதியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முதல் நூறடியையாவது தூர்வார இளவட்டங்கள் தயாராக இருக்கிறார்கள். அசல் தாள்களை மறுபடி மடிக்கவில்லை. அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து, அதே தகரப் பெட்டி போதாததால் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகைப் பெட்டி செய்து போட்டிருக்கிறேன்.

கிழக்குப் பக்கத்து இரண்டு தாள்கள், 58 ஜே/4-ம் 58 கே/1-ம், அதே பழைய பதிப்பில் இன்னும் கிடைக்கவில்லை. மொய் நோட்டில் முப்பதுக்கு மேல் ஊர்கள் அந்தப் பக்கம் விழுகின்றன. அது வரைக்கும் அவற்றைப் புதுத் தாளில் வைத்திருக்கிறேன். நேற்று அப்பத்தா அச்சுப்படத்தைத் தரையில் விரிக்கச் சொல்லி, மலைக்குத் தெற்கே ஓரிடத்தில் விரலை வைத்து, அங்கே ஒரு சுனை இருந்தது, வாக்கப்பட்டு வந்த அன்றைக்கு அதில்தான் எல்லாரும் தண்ணீர் குடித்தோம் என்றார். நாங்கள் நடந்தது மனுச வழி. சுனை மாட்டு வழியில் இருந்திருக்க வேண்டும். அடுத்த மாசியில் அந்த வழியாக இறங்கிப் பார்க்க வேண்டும்.